டிரைவர் மாப்பிள்ளையைத் தூக்கி எறிந்த கதை

என் அக்காள் புருஷன் இவாவோவுக்கு அறுபது வயது தாண்டியும் ஒரே ஒரு ஆசை பாக்கி இருந்தது. கோயில் மேட்டிலிருந்து நாலு பேர் அவரைத் தூக்கிப் பனிச்சரிவில் எறிய வேண்டும். கேட்கக் கிறுக்குத்தனமாக இருக்கும். ஆனால் எங்கள் மலைக்கிராமமான ஒகுராசாவாவில் அது மரியாதை. வெளியூர்க்காரன் எவனாவது எங்கள் ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டால், அடுத்து வரும் ஜனவரித் திருவிழாவில் ஊர் ஆண்கள் கூடி அவனை மேட்டிலிருந்து வீசுவார்கள். எங்கள் பெண்ணையா கொண்டுபோகிறாய், இந்தா வாங்கிக்கொள் என்று ஏதோ ஒரு காலத்தில் வயிற்றெரிச்சலில் ஆரம்பித்தது. இப்போது அதைப் பார்க்கவென்றே எங்கெங்கிருந்தோ கேமராவும் கையுமாக ஜனம் வருகிறது. அந்த ஜனத்தைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருபவரே இவாவோதான்.

முப்பது வருஷத்துக்கு மேல் அதே மலைப்பாதை. கடற்கரைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த மனிதர். ஒரு குளிர்காலம் ஓட்டிவிட்டு ஓடிவிடுவான் என்று கம்பெனியிலேயே பேசிக்கொண்டார்களாம். இவரோ பனியைப் பார்த்துச் சிரித்தவர். பஸ்ஸில் மைக்கைப் பிடித்தால் சுற்றுலாக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள்.

"இடது பக்கம் பாருங்க, பனி. வலது பக்கம் பாருங்க, அதுவும் பனி. இது ரெண்டுக்கும் நடுவுல தெரியுது பாருங்க, அதுதான் ரோடுன்னு நான் நம்பிட்டு ஓட்டுறேன்."

வெந்நீர் ஊற்றில் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டாமல் வெளியே வந்தால் முடி முள்ளம்பன்றி மாதிரி விறைத்து நிற்கும், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள் என்பார். சாயங்காலம் பனிக்குடில்களுக்குள் மெழுகுவத்தி ஏற்றுவோம், உள்ளே போகும்போது குனியுங்கள், குனியாதவர்களின் தலையை எண்ணி மாளவில்லை என்பார். பஸ் திரும்புகிற வரை இடைவெளி இருந்தால் சும்மா உட்கார மாட்டார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு யார் வீட்டுக் கூரையிலாவது ஏறிப் பனியைத் தள்ளிக்கொண்டிருப்பார்.

வேலை முடிந்ததும் எங்கள் குளியல் விடுதிக்கு வருவார். எங்கள் அப்பா வைத்த விடுதி அது. அப்பா போன பிறகு என் அக்காள் தோமிகோ கல்லாவில் உட்கார்ந்தாள். இவர் வருவார், காசு கொடுப்பார், துண்டு வாங்குவார், குளிப்பார், போவார். பேச்சு என்று பார்த்தால், "இன்னைக்குக் குளிரு ஜாஸ்தி" என்று இவர் சொல்ல, "ஆமா" என்று அவள் சொல்வதோடு சரி. இப்படியே ஒரு தலைமுறை கழிந்தது. நான் கல்யாணம் பண்ணி, பெற்று, வளர்த்து, கட்டிக்கொடுத்தும் விட்டேன். இவர்கள் இன்னும் குளிரிலேயே நின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு எரிச்சலாக வரும்.

போன இலையுதிர் காலத்தில் ஒரு நாள், நான் பக்கத்தில் தரையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே, துண்டை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றார்.

"நாளைக்கு எனக்கு லீவு. டவுன் ஆபீசு வரைக்கும் போயிட்டு வரலாமா?"

"எதுக்கு?" என்றாள் அக்காள்.

"கல்யாணத்தைப் பதிஞ்சுட்டு வந்துடலாம்."

தோமிகோ கல்லாப் பெட்டியை மூடினாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள். "என்ன இவ்வளவு அவசரம்?" என்றாள். நான் துடைக்கிற துணியைப் போட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். மறுநாள் இரண்டு பேரும் போய்ப் பதிந்துவிட்டு, வழியில் நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டோடேயே தங்கிவிட்டார். விருந்து கிடையாது, பட்டுக் கிமோனோ கிடையாது. சரியான கஞ்சர்கள் என்று திட்டினேன். ஆனால் என் அக்காள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

அப்புறம் பனி விழ ஆரம்பித்தது. ஒரு மத்தியானம் கொல்லைப்பக்கம் பொத்தென்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் விறகுக் கொட்டகைக்குக் கீழே பனியில் ஒரு குழி, குழிக்குள் இவாவோ.

"ஐயையோ! விழுந்துட்டீங்களா?"

"விழல மசுயோ, குதிச்சேன். எப்படி விழுந்தா இடுப்புல அடிபடாதுன்னு பாத்துட்டு இருக்கேன். உங்க அக்காகிட்ட சொல்லிடாத."

எனக்குப் புரிந்துபோயிற்று. வருஷா வருஷம் பஸ் நிறைய ஆட்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, கடைசி வரிசையில் நின்று, எவனெவனோ தூக்கி எறியப்படுவதைப் பார்த்துக் கைதட்டிய மனிதர். இப்போதுதான் அவருக்கும் முறை வந்திருக்கிறது. அறுபது தாண்டிய வயதில் கொட்டகை மேல் ஏறிக் குதித்துப் பழகுகிறார். சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

திருவிழாவுக்கு முன்னால், எறிகிற கூட்டத்தின் தலைவர் மாப்பிள்ளை வீட்டுக்கு அரிசி மதுவான சாக்கே பாட்டிலோடு போய், "உங்களைத் தூக்கிப் போட உத்தரவு கொடுங்க" என்று கேட்பது முறை. தலைவர் கிசாபுரோ, சாக்கே வடிக்கிறவர், கட்டை குட்டையான ஆள், குரல் மட்டும் மலைக்கு அந்தப் பக்கம் கேட்கும். இவாவோ வீட்டை மெழுகிவைத்த மாதிரி துடைத்து, புதுச் சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்தார். கிசாபுரோ பாட்டிலோடு எங்கள் தெருவில் வந்தார். எங்கள் வாசலைப் பார்த்து, "டிரைவரண்ணே, குளிரு பலமா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு நேரே நடந்து, கோடி வீட்டுக்குப் போய்விட்டார். அந்த வீட்டுப் பெண்ணைக் கட்டியவன் தகுமா என்று ஒரு டோக்கியோப் பையன். பாட்டில் அவனுக்கு.

அன்றைக்கு இவாவோ சரியாகச் சாப்பிடவில்லை. "கிழவன் கல்யாணமெல்லாம் கணக்குல சேராது போல" என்று மட்டும் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் போய்க் கேக்குறேன் அந்தக் கிசாபுரோவை. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை!"

"வேண்டாம் மசுயோ. கேட்டு வாங்குற மரியாதையா அது?"

அக்காள் பாத்திரங்களை டம் டம்மென்று வைத்துக்கொண்டிருந்தாள்.

திருவிழா அன்று வானம் அப்படி ஒரு நீலம். பஸ் பஸ்ஸாக ஆட்கள். கோயில் மேட்டில் நான் எப்போதும்போல் சூடான இனிப்புக் கஞ்சி விற்றுக்கொண்டிருந்தேன், அக்காள் எனக்குக் கிண்ணம் எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தாள். இவாவோ எல்லோரையும் இறக்கிவிட்டுவிட்டு, பழைய இடத்திலேயே, கடைசி வரிசையில் போய் நின்றார். தகுமாவைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார்கள். பையனுக்குப் பயத்தில் முகம் வெளுத்திருந்தது. மூன்று தரம் மேலே போட்டுப் பிடித்துவிட்டு வீசப் போகிற நேரத்தில், காலைப் பிடித்திருந்த ஆசாரிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆள் குறைகிறது. கிசாபுரோ கூட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"டிரைவரண்ணே! அங்க என்ன வேடிக்கை? வாங்க, வந்து இடது காலைப் பிடிங்க!"

மாப்பிள்ளையைத் தொட்டு வீச ஊர் ஆண்களுக்கு மட்டும்தான் உரிமை. இவாவோ மலங்க மலங்க விழித்தார். அடி எடுத்து வைக்கவில்லை. அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. அகப்பையும் கையுமாக முன்னால் போனேன்.

"கிசாபுரோண்ணே, உங்களுக்கு நெஞ்சுல ஈரம் இருக்கா? நீங்க தூக்கிப் போட வேண்டிய மாப்பிள்ளையைப் போய், இன்னொருத்தன் காலைப் பிடிக்கச் சொல்றீங்களே!"

"எந்த மாப்பிள்ளை?"

"எங்க அக்கா புருஷன்!"

கிசாபுரோ நிஜமாகவே குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். "இவரையா? இவரை எதுக்கு? ஊர்க்காரரை யாராவது தூக்கிப் போடுவாங்களா? வெளியூர் மாப்பிள்ளையைத்தானே போடுவோம்!"

"நான் வெளியூருதான்" என்றார் இவாவோ. குரல் எழும்பவே இல்லை.

"என்னது? சும்மா இருங்க. பள்ளிக்கூடத்துல எனக்கு ரெண்டு வகுப்பு கீழதானே படிச்சீங்க?"

"உங்க பள்ளிக்கூடத்தை நான் பஸ்ஸுல இருந்துதான் பாத்திருக்கேன்."

"ஆத்துல சேந்து மீன் பிடிச்சோமே!"

"அது வேற யாரோ, அண்ணே."

"எங்க அப்பா செத்தப்போ பெட்டியைத் தூக்குனது?"

"அது நான்தான்."

"பாத்தியா! ஊர்க்காரன்தான்!" என்று கிசாபுரோ கூட்டத்தைப் பார்த்துக் கத்த, எறிகிற ஆட்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். எங்கள் கூரையில் ஏறினாரே என்கிறான் ஒருவன். எங்கள் மாட்டைப் பள்ளத்திலிருந்து தூக்கினாரே என்கிறான் இன்னொருவன். ஒரு மனிதன் தான் அந்த ஊர்க்காரன் இல்லை என்று நிரூபிக்க முடியாமல் திண்டாடுவதை உலகத்தில் எங்கே பார்க்க முடியும்? சுற்றுலாக்காரர்களுக்குக் கொண்டாட்டம். தோளில் தொங்கிக்கொண்டிருந்த தகுமா, "என்னை இறக்கியாவது விடுங்களேன்" என்று முனகினான்.

அப்போது என் அக்காள் கையைத் துடைத்துக்கொண்டு நடுவில் வந்தாள். நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள்.

"இந்த மனுசன் புத்தாண்டு சூப்புல உருண்டை மோச்சி போட்டுச் சாப்பிடுறாரு" என்றாள்.

எங்கள் ஊரில் மோச்சியை, அதாவது இடித்த அரிசிக் கட்டியை, சதுரமாக வெட்டிச் சுட்டுத்தான் சூப்பில் போடுவோம். அதை உருட்டி உருட்டி, சுடாமல் அப்படியே வேகவைத்துத் தின்கிறவனை நாங்கள் பார்த்ததே கிடையாது.

"உருண்டையா?" என்றார் கிசாபுரோ.

"உருண்டை. சுடாம."

"சுடாமலா!" கிசாபுரோ ஒரு அடி பின்னால் போனார். இவாவோவை ஏதோ புது ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அப்புறம் அந்தப் பெரிய குரல் தழுதழுத்துப்போயிற்று. "அடப் பாவி மனுசா, இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நீ எங்கூட வளந்தவன்னே நெனச்சுட்டேனே!"

இவாவோ தொப்பியைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. புறக்கணித்துவிட்டார்கள் என்று நினைத்துச் சோறு இறங்காமல் கிடந்தாரே, இந்த மடையர்கள் அவரை ஊரில் பிறந்தவராகவே ஆக்கி வைத்திருந்திருக்கிறார்கள்! நான் அகப்பையோடு நின்று அழுதேன், சிரித்தேன், எதை முதலில் செய்தேன் என்று தெரியவில்லை.

"முதல்ல இந்தப் பொடியனை முடிச்சிடுவோம்" என்று சொல்லி, தகுமாவை ஒரே வீச்சாக வீசினார்கள். பையன் உருண்டு எழுந்து, உடம்பெல்லாம் பனியோடு மூச்சிரைக்க மேலே ஏறி வந்தான். "இப்ப நானும் ஊர்தானே? எனக்கும் ஒரு காலு கொடுங்க" என்று இவாவோவின் இடது காலைப் பிடித்துக்கொண்டான்.

"இடுப்பு ஜாக்கிரதை" என்றாள் அக்காள்.

"அதெல்லாம் அவரு பழகிட்டாரு" என்றேன் நான். இவாவோ தொப்பிக்கு மேலாக என்னை முறைத்தார்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று மேலே போட்டார்கள். நாலாவதாக வீசினார்கள். பஸ் கம்பெனிச் சட்டையோடு அந்த மனிதர் நீல வானத்தில் கை கால் விரித்துப் போன அழகை என்ன சொல்ல! ஜனம் ஓவென்று கத்தியது. கீழே போய்ப் பனிக்குள் விழுந்து மறைந்தார்.

எழுந்திருக்கவில்லை.

கத்தல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. கிசாபுரோவின் முகத்தில் ரத்தமே இல்லை. அக்காள் யாரையும் பார்க்கவில்லை. உட்கார்ந்து, சறுக்கி, சரிவில் இறங்கினாள். பின்னாலேயே நானும் உருண்டேன்.

இவாவோ குழிக்குள் மல்லாந்து கிடந்தார். கண் திறந்திருந்தது. காது வரைக்கும் சிரிப்பு.

"அடிபட்டுடுச்சா? ஏன் எந்திரிக்கல?" என்றாள் அக்காள், மூச்சு வாங்க.

"ஒண்ணுமில்ல தோமிகோ. முப்பது வருஷமா இங்க விழணும்னு இருந்தேன். கொஞ்ச நேரம் இருந்துட்டு வர்றேனே."

அக்காள் மேலே பார்த்தாள். நூற்றுக்கணக்கில் ஜனம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் அதைச் சட்டையே செய்யவில்லை. ஏப்ரனை இழுத்துச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கினாள்.

"தள்ளிப் படுங்க" என்றாள்.