இழுவை அக்கா சொல்லாமல் விட்ட பாதி

நெஞ்சு மருத்துவமனையின் மருந்து வழங்குமிடத்தில் நான்காவது ஜன்னல் அவளுடையது. பதினோரு வருடமாக அதே ஜன்னல், அதே சுழல் நாற்காலி. நாற்காலி மட்டும் சுழல்வதை எப்போதோ நிறுத்திவிட்டது. மூச்சுத் தொல்லைக்காரர்களுக்குப் பொடி மருந்தைக் கொடுப்பதோடு, அதை எப்படி உள்ளே இழுப்பது என்று சொல்லிக்கொடுப்பதும் அவள் வேலை. காலை எட்டரை மணிக்கே "இழுங்க, இன்னும் நல்லா இழுங்க" என்று ஆரம்பித்துவிடுவாள். அதனால்தான் இழுவை அக்கா என்று பெயர். அவள் ஜன்னல் வரிசை ஆமையாய் நகரும் என்பது அந்தப் பெயருக்கு இரண்டாவது காரணம். அதுவும் அவளுக்குத் தெரியும்.

கருவி என்னவோ சின்னதுதான். இரண்டு துண்டாகக் கழலும் ஒரு பிளாஸ்டிக் குழல். கேப்ஸ்யூலைப் பின்பக்கத் துளையில் செருகி, குழலைத் திருகினால் அது பிளந்து பொடி உள்ளே கொட்டும். வாயால் கவ்விக்கொண்டு ஒரே மூச்சில் வேகமாக இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்க வேண்டும். இதில் என்ன பெரிய வித்தை என்றுதான் வேலைக்குச் சேர்ந்த நாளில் அவளும் நினைத்தாள்.

ஒரு பள்ளி ஆசிரியர் மூன்று மாதம் அந்தக் கேப்ஸ்யூலைத் தண்ணீர் விட்டு விழுங்கியிருந்தார். வயிற்றுக்கு இதமாக இருப்பதாக வேறு சொன்னார். குழாய் ரிப்பேர் செய்கிற ஒருவர் இழுப்பதற்குப் பதில் ஊதினார். பொடி முழுக்க அவள் மூக்குக் கண்ணாடியில் வந்து அப்பியது. இன்னொரு பெண்மணி குழலை மூக்கில் செருகிக்கொண்டு, மூச்சு போகிற வழி இதுதானே என்று அவளிடமே சட்டம் பேசினாள். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். மருந்தகப் பொறுப்பாளர் வந்து, மருந்து கொடுக்கிறாளா இல்லை பாட்டு வகுப்பு நடத்துகிறாளா என்று கேட்டுவிட்டுப் போவார். ஆளுக்கு இரண்டு நிமிடம் என்பது அவர் கணக்கு. அந்த இரண்டு நிமிடத்துக்குள் அடக்க வேண்டி, அவள் தன் பேச்சை வருடா வருடம் நறுக்கிக்கொண்டே வந்தாள்.

அவளுக்கு எரிச்சல் தலைக்கேறியது முடிதிருத்தும் கடைக்காரர் ஒருவரால். அறுபதைத் தொட்டவர், அளந்து பேசுகிறவர். ஜன்னலில் இருக்கும் பயிற்சிக் குழலைக் கொடுத்தால் அவர் இழுக்கிற அழகை மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டலாம். ஆனால் மாதத்துக்கு மாதம் மூச்சு மோசமாகிக்கொண்டே போனது. டாக்டர் இரண்டு முறை மருந்தின் அளவைக் கூட்டினார். மனிதர் வீட்டில் மருந்தைத் தொடுவதே இல்லை என்று இவள் முடிவுகட்டிவிட்டாள். வரும்போதெல்லாம் நாலு பேர் முன்னால் திட்டினாள். அவர் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டு போவார்.

நான்காவது மாதம் அவரால் தனியாக வர முடியவில்லை. மனைவி முழங்கையைப் பிடித்து அழைத்துவந்தாள். இவள் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா முந்திக்கொண்டாள்: காலையும் மாலையும் தன் கண்ணெதிரேதான் இழுக்கிறார், ஒரு வேளைகூடத் தவறியதில்லை.

இவளுக்கு நம்பிக்கை வரவில்லை. "சரிண்ணே, உங்க குழலை எடுங்க. வீட்ல எப்படிப் பண்ணுவீங்களோ அப்படியே பண்ணிக் காட்டுங்க."

அவர் பையிலிருந்து குழலை எடுத்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். "இங்க தண்ணிக் குழாய் எங்கம்மா இருக்கு?"

கூடத்து மூலையில் இருந்த குழாயில் குழலைப் பளிச்சென்று கழுவினார். சவரக் கத்தியை உதறுவதுபோல இரண்டு உதறு உதறினார். கேப்ஸ்யூலைச் செருகித் திருகி, நெஞ்சு வலிக்க இழுத்தார். அவள் குழலை வாங்கிக் கழற்றினாள். பொடி முழுக்க உள்சுவரில் குழைத்த மாவாய் ஒட்டிக்கிடந்தது. நெஞ்சுக்குள் இம்மியும் போயிருக்காது.

"ஏண்ணே இதைக் கழுவுனீங்க?"

"நீங்கதானேம்மா சொன்னீங்க, கழுவிச் சுத்தமா வச்சுக்கணும்னு. நான் கத்தியைக் கழுவாம ஒருத்தர் முகத்துல வைப்பேனா?"

ஆமாம், அவள்தான் சொன்னாள். வாரம் ஒருமுறை கழுவி, ஒரு நாள் முழுக்கக் காயவைக்க வேண்டும் என்பது முழு வாக்கியம். வரிசை நெருக்கியதில் அதில் பாதி எந்த வருடம் கழன்று விழுந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"இத்தனை மாசம் திட்டு வாங்கினேனேம்மா" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

"தப்பு என் மேலதாண்ணே."

புதுக் குழல் ஒன்றைக் கொடுத்து, டாக்டரிடம் தானே கூட்டிப்போய் நடந்ததைச் சொன்னாள். டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, கூட்டிய அளவைக் குறைத்து எழுதினார். மூன்று வாரத்தில் முடிதிருத்துபவர் யார் துணையும் இல்லாமல் வந்து வரிசையில் நின்றார்.

அவளுக்குத்தான் நிம்மதி இல்லை. மருந்து உறையில் ஒரு வரி அச்சடிக்க வேண்டும் என்று பொறுப்பாளரிடம் கேட்டாள். அதற்குக் குழு கூட வேண்டும், குழு ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் கூடும் என்றார். சிவப்புப் பேனாவை எடுத்து ஒவ்வொரு உறையிலும் 'ஈரக் குழலில் போடாதீர்கள்' என்று கையால் எழுத ஆரம்பித்தாள். உறையில் கிறுக்கக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. அதை மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜைக் காலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு எழுதிக்கொண்டே இருந்தாள்.

பழைய ஆட்களை என்ன செய்வது? பதிவேட்டைப் பிரித்துவைத்து, சாப்பாட்டு இடைவேளையில் ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டாள். பாதி எண்கள் உபயோகத்தில் இல்லை. சிலர், என்னவோ விற்க வருகிறாள் என்று நினைத்து வைத்துவிட்டார்கள். நாளுக்கு ஐந்தாறு பேர் கிடைத்தாலே பெரிது. ஆறிப்போன சாப்பாட்டைத் தின்று தின்று அவளுக்கு நாக்கு செத்துப்போனது.

பதினெட்டாம் நாள் ஒரு லாரி ஓட்டுநர் கிடைத்தார். இரண்டு வருடமாக மருந்து வாங்குகிறவர். குழலைக் கழுவியதும் ஈரத்தோடு பயன்படுத்துகிறாரா என்று அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"கழுவணுமா?" என்றார் அவர். "நான் வாங்கின நாள்லேர்ந்து அதைக் கழுவினதே இல்லையேக்கா."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். திட்டுவதற்கு நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினாள்.

"இன்னைக்குக் கழுவுங்க, இனிமே வாரம் ஒருதரம் கழுவணும்" என்றாள். "கழுவி ஒரு நாள் காய விடுங்க. அதுவரைக்கும் வேற குழல் நான் எடுத்து வைக்கிறேன், இன்னைக்கே வந்து வாங்கிக்கோங்க. இப்ப நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க பாப்போம், முழுசா."