மறுத்தேன் என்று நான் சொல்லவில்லை

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. ரேஷன் கடையாகட்டும், கரண்ட் ஆபீசாகட்டும், யார் முதுகுக்குப் பின்னாலாவது நின்றுகொள்வேன். வீட்டுக்காரர் இருந்தவரை எனக்கும் சேர்த்து அவர் பேசினார். அவர் போன பிறகு பக்கத்து வீட்டு மீன்காரி பேசினாள். "எக்கா, ஒனுக்கு வாய் எதுக்கு கீது, வெத்தல போடவா?" என்பாள். சிரித்துவிட்டுப் போய்விடுவேன். அப்படிப்பட்டவளை ஒரு போனுக்கு முன்னால் நிறுத்திப் பேசச் சொன்னார்கள். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

கொரோனாவுக்காக ஊரை மூடிவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்ட சமயம். திருவொற்றியூரில் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்கு வரிசைகட்டி நிற்கிற ரோட்டோரம் நான் இட்லிக்கடை போடுகிறேன். அந்த ரோட்டில் இருப்பவர்களுக்கு மூக்கை மூட யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. கரி லாரி நாலு போனால் துப்புகிற எச்சில் கறுப்பாக விழும். கொரோனா என்ற பேரே கேள்விப்படாத காலத்திலிருந்து முந்தானையை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் அடுப்பு மூட்டுகிறோம். அப்போதெல்லாம் எந்த ஜீப்பும் வந்து எங்கள் மூக்கைப் பற்றி விசாரிக்கவில்லை.

இப்போது விசாரிப்பு வந்துவிட்டது. ஆட்டோவில் மைக் கட்டி, மாஸ்க் போடு, மாஸ்க் போடு என்று விடிந்ததிலிருந்து கத்தினார்கள். ரேஷனில் சும்மாவே கொடுப்போம் என்றும் அதே மைக்தான் சொன்னது. போய்க் கேட்டால், "இன்னும் வரல ஆயா, அடுத்த வாரம் பாரு." மருந்துக்கடையில் விற்ற விலைக்கு இட்லி விற்கிறவள் வாங்க முடியாது. அதனால் முந்தானைதான்.

இட்லிக் குண்டானின் மூடியைத் திறக்க இரண்டு கையும் வேண்டும். அன்றைக்கு முதல் ஈடு வெந்து, மூடியைத் தூக்கினேன். ஆவி முகத்தில் அடித்தது. தலையைத் திருப்பியதில் முந்தானை நழுவியது. சரியாக அப்போது கார்ப்பரேஷன் ஜீப் வந்து நின்றது.

"மாஸ்க் எங்கம்மா?"

முந்தானையைத் தூக்கிக் காட்டினேன்.

"அது பொடவை. மாஸ்க் எங்க?"

பைன் கட்டு என்றார்கள். முதல் வியாபாரமே ஆகவில்லை, கையில் ஏது? இட்லியைத் தட்டில் கவிழ்த்துவிட்டுக் குண்டானைத் தூக்கி ஜீப்பில் போட்டார்கள். பக்கத்தில் கடை போட்டிருந்த மீன்காரியின் கூடையும் ஏறியது. அந்த நேரம் தார்ப்பாய் கட்டாத கரி லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. ஜீப்பில் இருந்தவர் மாஸ்க்குக்கு மேல் கைக்குட்டையையும் வைத்துப் பொத்திக்கொண்டார். லாரியை நிறுத்தவில்லை.

அந்தக் குண்டான் இருந்தால்தான் எனக்குச் சோறு. என்னைக் கூட்டிக்கொண்டு போய் வைத்துச் சோறு போட ஆளில்லை. மீன்காரியும் நானும் வார்டு ஆபீசுக்கு ஓடினோம்.

வாசலில் சுண்ணாம்பு வட்டம் போட்டு, வட்டத்துக்கு ஒருவராக நிற்க வைத்திருந்தார்கள். உள்ளே முற்றத்தில் தள்ளுவண்டி, தராசு, கூடை என்று எல்லார் பிழைப்பும் குவிந்து கிடந்தது. பைன் கட்ட முடியாதவர்களுக்கு ஒரு சலுகை. வாசலை ஒட்டி உள்பக்கம் ஒரு சின்ன வயது ஆபீசர் போனைப் பிடித்திருப்பார். அதைப் பார்த்து, 'நான் முகக்கவசம் அணிய மறுத்தேன். அது என் தவறு. இனிமேல் அணிவேன்' என்று சொல்ல வேண்டும். ஊருக்குப் புத்தி வர அதை வாட்ஸப்பில் விடுவார்களாம். சொன்னால் பொருள் கிடைக்கும்.

மீன்காரி ஒப்பாரி ராகத்திலேயே சொல்லிக் கடைசியில் ஒரு கும்பிடும் போட்டாள். கூடை வந்துவிட்டது. "அவ்ளோதான் எக்கா. சொல்லிட்டு வந்துகினே இரு."

போன் என் முகத்துக்கு நேராக வந்தது. "நான் முகக்கவசம் அணிய..." என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வரவில்லை.

"மறுத்தேன், மறுத்தேன்" என்று ஆபீசர் எடுத்துக் கொடுத்தார்.

எனக்கு மறக்கவில்லை. அஞ்சாங்கிளாஸ் படித்தவளுக்கும் அந்த வார்த்தை தெரியும். பந்தியில் பரிமாற வருகிறவரிடம் போதும் என்று கையை நீட்டித் தடுத்தால் அது மறுப்பது. இலையே போடாமல், இவள் சாப்பிட மறுத்தாள் என்று ஊரெல்லாம் சொன்னால் அதற்கு என்ன பேர்?

"நான் மறுக்கல சார்" என்றேன். "நீங்க குடுக்கல."

"ஆயா, நீயா எதுவும் சேக்காத. நான் சொல்றத அப்படியே சொல்லு."

மறுபடி போனைத் தூக்கினார். இந்தத் தடவையும் 'நீங்க குடுக்கல' என்றுதான் வந்தது. வரிசையில் இருந்த ஆட்டோக்காரர், "சார், ஆயா டயலாக்க மாத்திக்கிச்சி!" என்று கத்தினார். வட்டம் வட்டமாகச் சிரித்தார்கள்.

"குண்டான் வேணுமா வேணாமா?"

"வோணும் சார். என்து சார் அது."

"கவர்மென்ட் உங்க நல்லதுக்குத்தானம்மா சொல்லுது?"

"நல்லதுதான் சார். மூட மாட்டேன்னு நான் எங்க சொன்னேன்? தர்றேன்னு மைக்ல சொன்னது நீங்கோ. தர்றது ஒங்க வேல, போடறது என் வேல. ஒங்க வேலயே இன்னும் முடியல. அதுக்குள்ள எனுக்குப் பைன் போட்டா எப்டி சார்?"

அவ்வளவு நீளமாக நான் அதற்கு முன் யாரிடமும் பேசியதில்லை. பேசும்போது முந்தானை மூக்குக்கு மேல் இருந்தது. வாய் தெரியாததால்தான் வந்ததோ என்னவோ.

"சொல்ற வரைக்கும் ஓரமா நில்லு" என்றார். நின்றேன். வீட்டில் மாவு புளித்துக்கொண்டிருந்தது. கூடை கிடைத்த பிறகும் மீன்காரி போகவில்லை. "இன்னாத்துக்கு எக்கா இவ்ளோ வீம்பு?" என்று இடுப்பில் கிள்ளினாள். ஆனாலும் பக்கத்திலேயே நின்றாள்.

அடுத்து ஒரு பூக்காரம்மா வந்தாள். 'அணிய' வரை சொன்னவள் என்னைப் பார்த்து நிறுத்திவிட்டாள். "சார், எனுக்கும்தான் குடுக்கல" என்றாள்.

கொரோனாவைவிட இது வேகமாகப் பரவும் என்று ஆபீசருக்குப் பட்டிருக்க வேண்டும். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். "எடுத்துட்டுக் கெளம்பு ஆயா. இங்க பேசினத வெளிய போய்ப் பேசாத."

ரேஷன் மாஸ்க் அப்புறம் ஒருநாள் வந்தது. ஒரு பக்கம் ரப்பர் அறுந்திருந்தது. தைத்துப் போட்டுக்கொண்டேன். கரி லாரிக்காக இன்றைக்கும் மாஸ்க் போடுகிறேன். மாஸ்க்கோடு எனக்கு என்றைக்கும் சண்டை இல்லை.

அன்றைக்குக் குண்டானை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். ஆபீசர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வரிசை ரோடு வரைக்கும் வளர்ந்திருந்தது.

"ஆயா, இன்னொரு வாட்டி சொல்லு" என்றார் ஆட்டோக்காரர். "உள்ள போனா இன்னா சொல்லணும்?"

குண்டானைக் கீழே இறக்கி வைத்தேன். கடைசி வட்டத்தில் நிற்பவருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.