கொய்யா மண்டியில் மனு நாள்

நாகல் நகரில் ஷேர் ஆட்டோவில் யாரோ மடியில் வைத்திருந்த கொய்யாப்பை மணக்க, இன்று பெட்ரோல் பங்க் ஆகிவிட்ட அப்பாவின் ஆயக்குடி மண்டிக்குள் நினைவில் போய் நின்றுவிட்டேன். பழக்கூடைகள் சரிகிற சத்தத்துக்கும் ஏலக் கூச்சலுக்கும் நடுவே, அப்பா திரும்பாமலே என் செருப்போசையை வைத்து, “ஸ்கூல் விட்டாச்சா கண்ணு?” என்பார்.

அவர் எம்.எல்.ஏ. ஆனதும் கூடைகள் போய் பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. வீட்டுக்கு அவர் வருவதே அரிதாயிற்று. ஒருநாள் ரேங்க் கார்டில் கையெழுத்து வாங்க, மனு கொடுக்க வந்தவர்களோடு நானும் வரிசையில் நின்றேன். கார்டை நீட்டியதும் என் முகத்தைப் பார்த்துக் கும்பிட்டு, “எந்த ஊருங்க?” என்றார்.

“ஆயக்குடிங்க.”

“செஞ்சு குடுத்துரலாம், தைரியமாப் போய்ட்டு வாங்க” என்று கார்டை உதவியாளரிடம் தள்ளிவிட்டு, எனக்குப் பின்னால் நின்றவரைக் கும்பிட்டார்.