வேலியோர மாமரத்துத் திருநீறு

எங்கள் தோப்பில் நோய் எப்போதும் ஒரே மரத்தில்தான் ஆரம்பிக்கும். அடி அண்ணாமலையில் மலை சுற்றும் பாதையை ஒட்டி எங்களுக்கு ஒரு மாந்தோப்பு. வேலியோரம் நின்ற மரம் மற்ற மரங்களுக்கு முன்னால் பூத்துவிடும். பக்கத்துப் புளியமர நிழலில் பனி ஈரம் சீக்கிரம் காயாது. மார்கழியில் அதன் பூங்கொத்துகளின் மேல் மாவு தூவியதுபோல் வெள்ளையாக ஒரு பூஞ்சணம் படியும். கவனிக்காமல் விட்டால் பூ மொத்தமும் கருகிக் கொட்டும். காற்றடித்தால் அடுத்த மரத்துக்கும் போய்விடும்.

கிணற்றுத் தண்ணீரில் பூச்சிமருந்து வாடை அடித்த வருஷம், இனி இந்த மண்ணில் விஷம் விழக் கூடாது என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். என் கணவர் அரைமனதாகத் தலையாட்டினார். அதன்பிறகு எங்கள் வைத்தியம் இதுதான்: வேலியோர மரத்தில் வெள்ளை தெரிந்த அன்றைக்கே அந்தப் பூங்கொத்துகளைத் தொரட்டியால் ஒடித்துக் கொளுத்திவிடுவோம். பிறகு, பானையில் புளிக்கவைத்த மோரைத் தண்ணீரில் கலந்து தோப்பு முழுக்கத் தெளிப்போம். கீழ்பென்னாத்தூரில் மருந்துக்கடை வைத்திருந்த உறவுக்காரர், "மாமரத்துக்கு மோர்சாதம் போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டு, தன் ஜோக்குக்குத் தானே சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் காய் முன்போல் இல்லை என்பது என்னவோ உண்மைதான்.

"இந்த வருஷமும் கம்மியா இருந்தா மருந்துதான். அப்புறம் நீ வாயத் தொறக்கக் கூடாது" என்றார் என் கணவர். நானும் சரி என்றேன். அந்த வருஷம்தான் அவருடைய அக்கா எங்களோடு இருக்க வந்தார்.

அக்காவின் வீட்டுக்காரர் திடீரென்று போய்விட்டார். பிள்ளைகளும் இல்லை. வந்த நாள் முதல் அக்கா அறையை விட்டு வெளியே வரவில்லை. தட்டில் வைத்த சோறு அப்படியே திரும்பும். நெற்றியில் திருநீறு இல்லாமல் அவரை நான் பார்த்ததே கிடையாது, அதையும் விட்டுவிட்டார். சாமியோடு பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

மார்கழிப் பௌர்ணமிக்கு மறுநாள் காலை, வேலியோர மரத்தில் வெள்ளை தெரிந்தது. நான் தொரட்டியோடு போய்ச் சேர்வதற்குள், மலை சுற்றி வந்த ஓர் அம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பூவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணாமலையாரே! பூவுல திருநீறா குடுக்கறே?" என்று கத்திக்கொண்டே நெற்றியில் பூசிக்கொண்டார். உடனே பத்துப் பேர் கூடினார்கள். யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். வேறு ஊராக இருந்தால் பூவுக்கு என்ன கேடு என்று கேட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் வெள்ளையாக எது உதிர்ந்தாலும் கை முதலில் நெற்றிக்குத்தான் போகும்.

சத்தம் கேட்டு அக்கா வெளியே வந்தார். நேராக மரத்தடிக்குப் போனார். ஒரு பூங்கொத்தைத் தொட்டு, விரலில் ஒட்டியதை நெற்றியில் இட்டுக்கொண்டு அழுதார். அன்று மதியம் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாளிலிருந்து மரத்தைச் சுற்றிப் பெருக்கிக் கோலம் போட ஆரம்பித்தார். நான் தொரட்டியை எடுத்தபோது என் கணவர் அதைப் பிடுங்கி மூலையில் வைத்தார்.

"உடு. எங்கக்கா இப்பதான் வாய் தொறந்து பேசுது."

"நோய்னு பக்குவமா சொல்லிடலாங்க. அக்காவுக்குப் புரியும்."

"சொன்னா மறுபடியும் ரூமுக்குள்ள போய்ப் படுத்துக்கும். நீ கம்முனு இரு."

கம்மென்று இருந்தேன். வாழ்க்கையில் நான் அப்படி இருந்த சந்தர்ப்பங்கள் கொஞ்சம்தான். இதில் போய் இருந்தேன். மற்ற மரங்களுக்கு மோர் அடித்தேன். நோய் பிறக்கும் இடத்தில் கோலமும் கற்பூரமுமாக இருக்க, மோர் என்ன செய்யும்? தை முடிவதற்குள் தோப்பு முழுக்க வெளுத்து, பிறகு கறுத்து, பூவெல்லாம் தரையில் கிடந்தது.

அக்கா கோலம் போடுவதை நிறுத்திவிட்டார். மறுபடி அறைக்குள் போனார். பிறகு வெளியே வந்து வீட்டு வேலைகள் செய்தாலும் தோப்புப் பக்கம் மட்டும் போகவில்லை. துக்கம் திரும்பிவிட்டது என்று நாங்கள் பேசிக்கொண்டோம். அடுத்த பூவுக்கு மருந்து டப்பாக்கள் வந்து இறங்கின. சொன்ன வார்த்தைப்படி நான் வாயைத் திறக்கவில்லை.

என் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தபோது அக்கா கைக்கு வாங்கவே இல்லை. "கை வலிக்குதும்மா, நீயே வெச்சுக்க" என்பார். அதே கையால்தான் மாவாட்டினார், தண்ணீர் இறைத்தார். எனக்குக் கோபம்கூட வந்தது.

பையின் மேல் 'இயற்கை' என்று அச்சடித்து மாம்பழம் விற்கும் காலம் பிறந்ததும் என் கணவருக்கும் ஞானம் பிறந்தது. மோர்ப்பானை திரும்பி வந்தது. ஒரு மார்கழிக் காலையில் வேலியோர மரத்தில் அதே வெள்ளை. நான் தொரட்டியோடு நின்றபடி, "அக்கா, அந்தப் பானையக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்க" என்று கூப்பிட்டேன்.

எடுத்து வந்தார். மரத்துக்கு வெகு தூரத்திலேயே பானையைக் கீழே வைத்தார்.

"நான் கிட்ட வர்லம்மா. அன்னிக்கு சாமி குடுத்தத ஆசையா போயித் தொட்டேன். தாலி அறுத்த கையி. தோப்பே கருகிப்போச்சே."

தொரட்டியைக் கீழே போட்டேன். "ஐயோ அக்கா! அது சாமியும் இல்ல, உங்க கையும் இல்ல. பனிக்கு வர்ற நோய். நீங்க இங்க வர்றதுக்கு முன்னாடியே வருஷா வருஷம் வந்துட்டுதான் இருந்துச்சு. இந்த மரத்துலதான் மொதல்ல வரும்."

"தம்பிக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"உனக்கும் தெரியும்."

நான் தலையை ஆட்டினேன். அவர் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. மெல்ல மரத்தடிக்கு வந்து, ஒரு பூங்கொத்தை விரலால் தேய்த்து, ஒட்டிய வெள்ளையைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"உம் பேத்தி இப்ப எத்தனாவது படிக்குது?"

"நாலாவது அக்கா."

"அப்ப, தூக்க முடியாது" என்றார்.