படம் தெரியாத மத்தியானம்

ஈரச் சாமந்தியின் வாசம் அந்தக் கேமராப் பையில் ரொம்ப நாள் இருந்தது…

2000-களின் நடுவில், மலைமேல் செம்மேட்டில் இரண்டு கம்ப்யூட்டர், இரண்டு போன் லைனோடு பிரௌசிங் சென்டர் வைத்திருந்தேன். மலை மிளகு விவசாயிகள் சங்கத்துக்கு வெப்சைட்டின் தோற்றத்தை அமைக்கும் 'தீம்' செய்துகொண்டிருந்தேன். தலைகால் புரியாத பெருமை.

அப்போதுதான் சங்கச் செயலாளர் பொன்னுசாமி அண்ணனின் அப்பா, பக்கத்து மலைப் பகுதியான தேவனூர் நாட்டில் தவறிப்போனார். அவருடைய மூத்த மகன், பொன்னுசாமியின் அண்ணன் ராசுவுக்கு மஸ்கட்டில் வேலை. லீவு கிடைக்கவில்லை.

"பொழுதோட எடுத்தாவணும். அதுக்குள்ள அண்ணன் ஒருக்கா மொகத்தப் பாத்தரட்டும் கண்ணு" என்றார் பொன்னுசாமி.

சாமந்தி மாலைகளுக்கு நடுவே முகத்தைப் போட்டோ எடுத்து வந்து மெயிலில் அனுப்பினேன். ராசு அண்ணனின் மெயில் பெட்டி நிரம்பியிருந்ததால் திரும்பி வந்தது. சரியென்று சங்கத்து வெப்சைட்டிலேயே ஏற்றினேன். என் திரையில் முகம் தெளிவாகத் தெரிந்தது. பக்கத்தில் நின்ற பொன்னுசாமி கையெடுத்துக் கும்பிட்டார்.

மத்தியானம் ராசு அண்ணன் போன் செய்தார். மேனேஜரின் கம்ப்யூட்டர், சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான் கிடைக்கும்.

"எழுத்தெல்லாம் வருதுங்க… அப்பா இருக்கற எடத்துல வெறுங் கட்டந்தானுங்க."

"ரெஃப்ரெஷ் பண்ணுங்கண்ணா."

மூன்று முறை சொன்னேன். எனக்குத் தெரிகிறதே என்ற திமிர்.

பிறகுதான் உறைத்தது. படங்களை எங்கே போய் எடுக்க வேண்டும் என்று சொல்லும் பேஸ் யூஆர்எல் வரியில், 'லோக்கல்ஹோஸ்ட்' என்றே விட்டிருந்தேன். பார்ப்பவரின் கம்ப்யூட்டரிலேயே தேடு என்று அர்த்தம். என் கம்ப்யூட்டரில் படம் இருந்தது, வந்தது. ராசு அண்ணனை மட்டும், செத்துப்போன அப்பாவை மேனேஜர் கம்ப்யூட்டருக்குள் தேட விட்டிருக்கிறேன்.

வரியை மாற்றினேன். அது வெப்சைட்டில் ஏறுவதற்குள், "மேனேசர் வந்துட்டாருங்க… வெச்சர்றேன்."

"என்னாச்சு கண்ணு?" என்றார் பொன்னுசாமி.

"லைன் கோளாறுங்கண்ணா."

மலையில் அதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பொழுது சாய்வதற்குள் அடக்கம் முடிந்தது.

மறுநாள் ராசு அண்ணன் படத்தைப் பார்த்துவிட்டுப் போன் செய்தார்.

"அப்பனுக்குச் சவரம் பண்ணி உட்டது யாருங்க?"

"உங்க தம்பிதானுங்க."

"நல்லாப் பண்ணியிருக்கான்…"

லைன் கோளாறென்றே அவரும் நம்பியிருந்தார்; வேறொன்றும் கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இப்போது தீம் தன் முகவரியைத் தானே கண்டுகொள்கிறது. வீடியோ காலில் கடைசி முகமும் வந்துவிடுகிறது. நான் இன்னும், எதையும் இன்னொருவர் போனில் திறந்து பார்க்காமல் கொடுப்பதில்லை.

ராசு அண்ணன் ஊருக்கே வந்துவிட்டார். மிளகு போட்டிருக்கிறார். நான் இங்கே எது எழுதினாலும் முதல் லைக் அவருடையது.

அண்ணா… அன்றைக்கு லைன் நன்றாகத்தான் இருந்தது.