தலை இருக்க ஆடிய வால்

குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற வீட்டில் பிறந்து, தறிக்கு லாயக்கில்லை என்று தறியாலேயே தள்ளிவிடப்பட்டவன் நான். நான் நெய்த லுங்கியில் ஒவ்வொரு கட்டமும் தனக்குப் பிடித்த திசையில் போகும். அதனால் எழுபதுகளின் கடைசியில் ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு டேனரியில் வேலைக்குச் சேர்ந்தேன். தோலை நான் கோணலாக்க முடியாது. மாடே அதைக் கோணலாகத்தான் கொடுத்திருக்கிறது.

சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய மாட்டுத் தோலைத் தனி ஆள் தூக்க முடியாது. ஒருவன் தலைப்பக்கம் பிடிக்க வேண்டும், ஒருவன் வால்பக்கம். என் ஜோடி உள்ளூர்க்காரர், என்னைவிட மூத்தவர். பாய் என்று கூப்பிடுவேன். முதல் நாளே என் பேச்சைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "வால்பக்கம் உனக்கு. பொருத்தமா கீது" என்றார். அன்றிலிருந்து டேனரி முழுக்க அவர் தலை, நான் வாலு.

குழாயடிச் சண்டை என்று பெண்களைக் கேலி பேசுகிற ஆண்கள்தான் நாங்கள். எங்கள் சண்டை வந்ததும் குழாயடியில்தான். ஷிப்ட் முடிந்ததும் உடம்பில் பட்ட சுண்ணாம்பைக் கழுவ ஒரே குழாய். பஸ்ஸில் வந்து போகிற நாங்கள் முதலில் கழுவ வேண்டும் என்போம். பஸ் போய்விடும், கழுவாமல் ஏறினால் கண்டக்டர் வாசனை பிடித்தே இறக்கிவிடுவார். "வீடு கிட்ட இருக்குதுன்னு நாங்க சுண்ணாம்புல வெந்துக்கிட்டே நிக்கணுமா?" என்பார்கள் உள்ளூர்க்காரர்கள். அதுவும் நியாயம். ஒருநாள் தள்ளுமுள்ளில் அந்தப் பக்கமிருந்து ஒரு தகர மக்கு பறந்து வந்தது. பஸ்ஸில் வருகிற எங்கள் ஆள் ஒருவனின் நெற்றி கிழிந்தது.

மறுநாள் காலை டேனரி கேட்டுக்கு முன்னால் இரண்டு கூட்டம். கைகளில் தொட்டி கலக்குகிற கழிகள். இரண்டு பக்கமும் எல்லா மதத்துக்காரர்களும் இருந்தார்கள். அந்த விஷயத்தில் மட்டும் எங்கள் சண்டை ரொம்பச் சமத்துவமானது.

ஒரு தகர மக்குக்காகவா இவ்வளவு? பள்ளியில் வேலூர்க் கோட்டைச் சிப்பாய்க் கலகத்துக்குக் காரணம் கேட்டால், புதுத் தலைப்பாகையில் வைத்த தோல் துண்டு என்று எழுதி மார்க் வாங்கியவன் நான். தோல் வெறும் தீக்குச்சிதான், அவமானமும் பயமும் மனக்குறையும் விறகாக முன்பே அடுக்கப்பட்டிருந்தன என்பது, பின்னாளில் வரலாறு படிக்கப் போனபோதுதான் உறைத்தது. எங்கள் விறகும் அப்படித்தான். ஆர்டர் ஜாஸ்தியானபோது கம்மிக் கூலிக்கு முதலாளிகள் எங்களை பஸ் ஏற்றி வரவழைத்தார்கள். உள்ளூர்க்காரர்களின் தம்பிகள் வேலையில்லாமல் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்கள். கூலியைக் குறைத்தவர்கள் குழாயடிப் பக்கம் வந்ததே இல்லை.

அன்று கூட்டத்தில் ஒவ்வொருவனும் பக்கத்து ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தான், அவன் அடித்தால் நாமும் அடிக்கலாம் என்று. நானும் பக்கத்து ஆளைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னிடம் போய் வீரத்தைத் தேடிய அந்த ஆளை நினைத்தால் இப்போதும் பாவமாக இருக்கிறது.

எதிரே முன்வரிசையில் பாய்.

என் முதுகில் ஒரு கை விழுந்தது. எங்கள் ஆள்தான். "உன் ஜோடிதானே? நீயே மொதல்ல போடு. இல்லாட்டி நீ அவங்க ஆளு. உனக்கும் சேர்த்து விழும்."

தள்ளினான். இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் போய் நின்றேன். அந்தப் பக்கம் எவனோ, "விடாதே பாய்" என்றான். பாயும் ஒரு அடி முன்னால் வந்தார். கையில் கழி. என்னை மேலும் கீழும் பார்த்து, தொட்டியடியில் பேசுகிற அதே குரலில் கேட்டார்.

"இன்னாடா, தலை இருக்கச்சே வாலு ஆடுது?"

எனக்குப் பயம் வந்தால் வாய்தான் முதலில் ஓடும். "நானா ஆடல பாய். பின்னாடி ஒருத்தன் முறுக்குறான்" என்றேன்.

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. என்னைத் தள்ளியவனே சிரித்துவிட்டான். பாய் கழியைச் சுவரில் சாய்த்துவிட்டு, நேராக நெற்றியில் கட்டுப் போட்டிருந்தவனிடம் போனார். "எறிஞ்சது எங்க ஆளு. தப்பு எங்கமேலதான்." பிறகு பொதுவாகச் சொன்னார்: "பஸ்ஸு புடிக்கிறவங்க மொதல்ல கழுவட்டும். ஆனா வேலை முடியறதுக்குள்ள எங்களுக்கு ஒரு டிரம்மு தண்ணி ரொப்பி வெச்சிடணும்."

ரொப்பி வைத்தோம்.

எல்லாச் சண்டையும் சிரிப்பில் முடியும் என்று சொல்ல நான் அவ்வளவு பெரிய கோமாளி இல்லை. வேறு மாதிரி முடிந்தவற்றையும் பார்த்திருக்கிறேன். எங்களுக்குச் சிரிப்பு வந்ததற்குக் காரணம், அந்தக் கூட்டத்தில் பலபேருக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு ஜோடி இருந்ததுதான். அந்த ஆளை அடித்தால் நாளைக்குத் தோலை யாரோடு தூக்குவது? அடித்த கூட்டங்களைப் பற்றி அப்புறம் எவ்வளவோ படித்தேன். அடிக்காமல் கலைந்துபோன கூட்டத்தை எழுதிவைக்க ஆள் கம்மி. பாய்க்கு அப்போது நான் நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு மாசத்துக்குக் கேலி செய்திருப்பார். இப்போது எழுத்தில் சொல்லிவிட்டேன், கேலி செய்யட்டும்.

அன்றைக்கு உள்ளே போய் முதல் தோலைத் தூக்கினோம். அவர் தலைப்பக்கம், நான் வால்பக்கம். நடுவில் தோல் நடுங்கியது. என் கைதான் என்று நினைத்து வால்முனையைத் தொட்டி விளிம்பில் வைத்தேன். அப்போதும் தலைப்பக்கத்து நடுக்கம் நின்றபாடில்லை.

"தூக்குடா வாலு" என்றார் பாய், தோலைப் பார்க்காமல்.