இரண்டு தட்டு

காலெப் தர்லோவுக்குக் காது கேட்காது என்பது எங்கள் பட்டறையில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒருவன் அவன் தங்கை புருஷன் நெட். இன்னொருவன் நான், கருவி அறைக்காரன்.

தேம்ஸ் கரையில் இரும்புக் கவசக் கப்பல் கட்டுகிற இடத்தில் யார் காதுதான் உருப்படியாக இருந்தது? அரைச்செவிடு எல்லோரும்தான். முழுச்செவிடு என்று தெரிந்தால் மட்டும் சீட்டு கிழிந்துவிடும். மேலேயிருந்து கூவும் எச்சரிக்கை அவனுக்குக் கேட்காதே. காலெப் எதிராளியின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவான். அப்படியே ஒன்பது வருஷம் ஓட்டினான், கெட்டிக்காரன்.

ரிவிட் அடிப்பது ஜோடி வேலை. பழுக்கக் காய்ச்சிய ஆணியை ஓட்டையில் செருகியதும், உள்ளே ஒருவன் அதன் தலைக்குக் கனத்த இரும்பால் முட்டுக் கொடுப்பான். வெளியே நீட்டும் முனையை இன்னொருவன் அடித்துப் பரப்புவான். நடுவே தகடு, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. உள்ளேயிருந்து இரண்டு தட்டு வந்தால் 'முட்டுக் கொடுத்துவிட்டேன், அடி' என்று அர்த்தம். ஒரு தட்டு என்றால் 'பிடிப்பு இல்லை, நிறுத்து'. காலெப் அதை உள்ளங்கையால் தகட்டில் வாங்கிக்கொள்வான். அவனுக்காகவே நெட் ஓங்கித் தட்டுவான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைக் குடி தெளியாதவர்கள் திங்களன்று வேலைக்கு வராமல் இருப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்தத் திங்கள் மட்டும் வராதவனுக்கு வேலை போகும் என்று உத்தரவு. கப்பலைத் தண்ணீரில் இறக்கப் பத்து நாள்தான் இருந்தது. நெட் வந்தான். என்னிடம் முட்டு இரும்பை வாங்கும்போதே ஜின் வாடை குப்பென்று அடித்தது.

"மச்சான்கிட்ட சொல்லிடாதடா," என்று கண்ணடித்தான். நானும் சிரித்து வைத்தேன்.

மறுநாள் மேஸ்திரி மெல்லர் தட்டிப் பார்த்தபோது, முந்தின நாள் அவர்கள் இருவரும் அடித்த தகட்டில் பதினோரு ஆணி ஆடியது. இருவரையும் என் அறை வாசலுக்குக் கூப்பிட்டார்.

"பிடிப்பே இல்லாம எப்படிய்யா அடிச்ச?"

"ரெண்டு தட்டு வந்துச்சு சார், அடிச்சேன்," என்றான் காலெப். "மச்சானையே கேளுங்க."

நெட் மெதுவாகத் திரும்பி, காலெப்புக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டான்.

"நான் ஒரு தட்டுதான் சார் தட்டுனேன். அவருக்குக் காது சுத்தமாக் கேக்காது. இத்தன வருஷமா நான்தான் மறைச்சுக் காப்பாத்திட்டு வர்றேன்."

கூடவே இருந்து குழி பறிப்பது என்றால் இதுதான்.

மெல்லர் காலெப்பின் பின்னால் போய், "தர்லோ, உன் காலடியில பாம்பு!" என்று கத்தினார். காலெப் அசையவில்லை. மச்சான் தனக்காகப் பேசுகிறான் என்று நெட்டின் முதுகைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தான். அந்தப் புன்னகையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

காலெப்பின் சீட்டு கிழிந்தது. போகும்போது என்னிடம் வந்தான்.

"நெட் என்னடா சொன்னான்?"

உதட்டை நன்றாக அசைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஜின் வாடையையும் சொன்னேன்.

"அவனா? என் மச்சானா?" என்று இரண்டு தடவை கேட்டான். பிறகு, "இதெல்லாம் தெரிஞ்சும் நீ மேஸ்திரிகிட்ட என்ன சொன்ன?"

நான் கருவிகளை அடுக்குவதுபோல் அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, பட்டறையில் அவன் விட்டுப்போன சுத்தியலைக் கொடுக்க அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். கதவு தட்டும் சத்தம் கேட்டது. இரண்டு தட்டு. நான் கதவைக் கைகாட்டினேன். காலெப் எழுந்து போய் அதன்மேல் உள்ளங்கையை வைத்தான். மறுபடியும் இரண்டு.

"மச்சான், நான்தான். கதவத் தொறங்க மச்சான்," என்று நெட் கெஞ்சியது எனக்குத்தான் கேட்டது.

காலெப் விரலை மடக்கி, உள்ளேயிருந்து ஓங்கி ஒரே ஒரு தட்டுத் தட்டினான்.